ரம் ஊறிய புகையிலையும் இருபது பாக நாவலும்

டிசம்பர் இரண்டாவது வாரம் அமெரிக்காவில், மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரில், புகையிலை பைப் பிடிக்கும் எங்கள் கூட்டாளிகள் ஒன்றுகூடி, சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். இடம் ஒரு புகையிலைக் கடையின் பின்கட்டு. ஸ்பிரிங் தளர்ந்த சோபாக்கள், சுவர் முழுக்கப் பழைய டப்பாக்கள், ஆட்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். இந்தியன் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள், வாய்ப்புற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இந்தக் கூட்டத்திலேயே மருத்துவர் சொல்லி நிறுத்திவிட்டு, பைப்பைப் பற்ற வைக்காமல் சும்மா பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் பரிசுக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள்.

பரிசில் எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது. கடையில் வாங்கி அப்படியே நீட்டினால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வாங்குபவருக்குக் கொஞ்சம் வேலை வைக்கிற பரிசுதான் நல்ல பரிசு. அழுக்கேறிய பழைய பைப், நறுக்க வேண்டிய புகையிலை, அப்புறம் இங்கே எப்போதும் நடப்பது, ஒரு நாவல் வரிசையின் முதல் பாகம் மட்டும். மீதியை நீயே தேடிப் படி என்று அர்த்தம்.

இந்த வருடம் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது மிசிசிப்பியில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கொண்டுவந்த பொருள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூம்பி, மேலே துளி இடைவெளி இல்லாமல் கயிறு சுற்றியிருந்தது. பாய்மரக் காலத்து மாலுமிகள் புகையிலையை இப்படித்தான் பதப்படுத்தி வைத்துக்கொள்வார்களாம். இலையின் நடுநரம்பை உருவி எடுத்து, ரம் தெளித்து, இலை மேல் இலையாக அடுக்கி இறுகச் சுருட்டி, கான்வாஸ் துணியில் பொதிந்து, கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, உடம்பு எடை முழுவதையும் போட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டே சுற்றுவது. சில வாரம் கழித்து உள்ளே இலை சுருங்கிக் கயிறு தளரும். அவிழ்த்து மறுபடியும் இறுக்க வேண்டும். பெரியவர் கோடையிலேயே ஆரம்பித்துவிட்டாராம். பேனாக் கத்தியால் முனையைச் சீவிக் காட்டினார். உள்ளே இலை என்று சொல்லவே முடியாது, கரேலென்று, பளபளவென்று, மரத்தை அறுத்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ரம், பின்னாலேயே பேரீச்சம்பழம் மாதிரி ஒரு கனமான இனிப்பு. அப்படியே பைப்பில் திணித்தால் பற்றாது. உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து, ஈரம் போக ஆற விட்டு, அப்புறம்தான் தீக்குச்சி.

மாலுமிகள் அத்தனை பாடுபட்டுச் செய்ததையும் நினைத்த இடத்தில் உட்கார்ந்து புகைக்க முடியாது. கப்பல் முழுக்க மரம், தார், கித்தான், கீழே வெடிமருந்து. அதனால் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் சமையல் அடுப்புப் பக்கம் மட்டும்தான் புகைக்க அனுமதி, மற்ற இடத்தில் மென்று துப்ப வேண்டியதுதான்.

அந்தப் பொதி குலுக்கலில் ஒரு நூலகப் பெண்மணிக்குப் போனது. கூடவே பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு புத்தகமும் இருந்தது, பேட்ரிக் ஓ'பிரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. அவ்வளவுதான், வருடா வருடம் நடக்கிற சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒன்று சி.எஸ். ஃபாரெஸ்டர் கட்சி, அவருடைய ஹார்ன்புளோயர் நாவல்கள் 1937-ல் தொடங்கியவை. இன்னொன்று ஓ'பிரையன் கட்சி. இரண்டுமே நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படைக் கதைகள்தான். ஹார்ன்புளோயர் தன்னைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும் ஆள், கப்பல் தலைவன், ஆனால் கடல் ஆடினால் வாந்தி எடுப்பான். கதை விறுவிறுவென்று ஓடும். ஓ'பிரையனிடம் ஓட்டமெல்லாம் கிடையாது. 1969-ல் இந்த வரிசையின் முதல் நாவல், அதற்கப்புறம் முப்பது வருடம் எழுதி இருபது முடித்தார், இருபத்தோராவதைப் பாதியில் விட்டுவிட்டு 2000-ல் காலமானார்.

நான் ஓ'பிரையன் கட்சி. காரணம் அந்த முதல் காட்சிதான். மினோர்கா தீவில், மஹோன் துறைமுகத்தில், ஆளுநர் மாளிகையில் ஒரு கச்சேரி. பதவி உயர்வு கிடைக்காத வயிற்றெரிச்சலில் இருக்கும் கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி, இசையில் லயித்துத் தன்னை மறந்து தாளம் போடுகிறார். அதுவும் அரைத்தாளம் முந்தி. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மெலிந்த ஆசாமி, மருத்துவர் ஸ்டீபன் மாச்சுரின், போடுவதானால் சரியாகப் போடும் ஐயா என்கிற தோரணையில் கடுகடுத்து முழங்கையால் ஒரு இடி இடிக்கிறார். விஷயம் கிட்டத்தட்ட துப்பாக்கிச் சண்டை வரை போகிறது. மறுநாள் ஜாக்குக்குக் கப்பல் கிடைத்த சந்தோஷத்தில் சமாதானமாகி, அப்புறம் இருபது நாவலும் இந்த இருவரின் நட்புதான். மயிலாப்பூர் சபாவில் பக்கத்து சீட் மாமா தொடையில் ஓங்கி ஓங்கித் தாளம் போட்டு நாம் பல்லைக் கடித்ததுண்டு அல்லவா, மார்கழி மாதத்தில் இதைப் படித்தால் யாருக்கும் ஸ்டீபன் பக்கம்தான் பேசத் தோன்றும்.

இந்த ஓ'பிரையனுக்கு ஒரு சிக்கல் வந்தது. இத்தனை நாவல் எழுதப்போகிறோம் என்று தெரியாமல் கதையை 1800-ல் தொடங்கிவிட்டார், போர் 1815-ல் முடிந்துவிடுகிறது, வருடங்கள் கையிருப்பில் இல்லை. என்ன செய்தார்? 1812அ, 1812ஆ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதிவிட்டு, இல்லாத வருடங்களை உள்ளே செருகிக் கதையை ஓட்டினார். ஃபாரெஸ்டர் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பரிசாகக் கொடுப்பதானால் ஃபாரெஸ்டரே மேல் என்பதை நானும் ஒத்துக்கொள்வேன், ஏனென்றால் ஓ'பிரையன் பாய்மரக் கயிறுகளின் பெயரை அடுக்கும்போது ஒன்றையும் விளக்க மாட்டார், முதல் ஐம்பது பக்கத்தில் பாதிப் பேர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஸ்டீபனுக்கும் கப்பல் சமாச்சாரம் ஒன்றும் புரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஒரு வேடிக்கை என்னவென்றால் இந்தக் கப்பல்களில் யாரும் நாங்கள் பிடிக்கும் பிரையர் பைப்பைப் பார்த்தே இருக்க முடியாது. மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதரின் வேர்முண்டிலிருந்து செய்வது அது, பிரான்ஸில் செயின்ட் கிளோட் ஊரில் அந்தத் தொழில் சூடுபிடித்ததே 19-ம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முன்னால் சாமானியர் கையில் மண் பைப்தான். லண்டனில் தேம்ஸ் வற்றும் நேரத்தில் சேற்றில் உடைந்த மண் பைப் துண்டுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஒருவர் இந்த வருடம் நீளக் காம்புள்ள மண் பைப் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். சூடேறினால் கிண்ணத்தைத் தொட முடியாது, காம்பைத்தான் பிடிக்க வேண்டும். கூட்டம் கலைவதற்குள் இரண்டு துண்டு.

எனக்கு வந்தது டப்ளினில் செய்த பழைய பீட்டர்சன் பைப். காம்புக்கு அருகில் எச்சில் ஈரம் இறங்கித் தங்க ஒரு குழி, வாய்ப்பக்கத்தில் புகை நாக்கைச் சுடாமல் மேலண்ணத்துக்குப் போகிற மாதிரி மேலே பார்த்த துளை, சார்லஸ் பீட்டர்சன் 1890-களில் காப்புரிமை வாங்கிய வடிவம். கறுப்பாக இருக்க வேண்டிய வல்கனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) வாய்க்குழல் பச்சையும் பழுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. தேய்க்கத் தேய்க்க கந்தக நாற்றம். கிண்ணத்தில் உப்பைக் கொட்டி, சாராய ஸ்பிரிட் ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டால், காலையில் உப்பு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. "ஏங்க, யாரோ வாயில வச்சதை நம்ம சமையல் மேடையிலயா வைப்பீங்க" என்று வீட்டில் ஒரு மூச்சு நடந்தது. மேடை மாறியது, வேலை நிற்கவில்லை.

கூட வந்த புத்தகம் பெர்னார்ட் கார்ன்வெல்லின் 'ஷார்ப்ஸ் டைகர்'. உன் ஊர்க் கதை என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் ஊர் திண்டுக்கல், கதை நடப்பது ஸ்ரீரங்கப்பட்டணம், சரி, மிசூரியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். திப்பு சுல்தானின் கோட்டையை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட 1799. கதாநாயகன் ஷார்ப் அப்போது ஆங்கிலேயப் படையில் சாதாரணச் சிப்பாய், கோட்டைக்குள் வேவு பார்க்க அனுப்பப்படுகிறான். பள்ளிப் பாடத்தில் திப்பு பக்கம் நின்று படித்தவனுக்கு, கோட்டையை உடைக்க வருகிறவன் தோளில் உட்கார்ந்துகொண்டு கோட்டை விழுந்த அதே மே 4-ஐப் பார்ப்பது என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் கார்ன்வெல் கெட்டிக்காரர். படிக்கிறவன் வயிறு எரிவது திப்புவைப் பார்த்தல்ல, ஷார்ப்புக்குக் கசையடி வாங்கிக் கொடுக்கும் ஹேக்ஸ்வில் என்கிற வெள்ளைக்கார சார்ஜென்டைப் பார்த்துத்தான். திப்புவைக் கொன்ற சிப்பாய் யார் என்று வரலாற்றில் கடைசிவரை தெரியவில்லை, அந்த இடைவெளியில்தான் தன் நாயகனைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

நான் கொடுத்தது இரண்டு பொருள். ஒன்று, இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் வாஷிங்டன் என்கிற சிற்றூரில் 1869 முதல் செய்துவரும் சோளத்தக்கை பைப். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் பல்லில் கடித்தபடி போட்டோவுக்கு நின்றாரே, அந்த ரகம். விலை மலிவு, முதல் சில தடவை புகையில் சுட்ட சோள வாசம் வரும். இரண்டு, 'பொன்னியின் செல்வன்' ஆங்கிலத்தில், முதல் பாகம் மட்டும். அது போனது படகுப் பெரியவருக்கு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழர் கதை, கல்கி வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, மொத்தம் ஐந்து பாகம் என்றேன். "ஐந்துதானா?" என்றார். இருபது படித்தவர் வேறு எப்படிக் கேட்பார். கதையில் தஞ்சாவூர் வரும், திருச்சிக்குப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் நாவலில் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார், அதனால் இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 'டிரிச்சினாபொலி' தெரியும், அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருப்பதுதான் தெரியாது.

புத்தாண்டு கழிந்து அவர் போன் செய்தார். பாதி படித்துவிட்டாராம். இத்தனை பேர் வருகிறார்கள், குதிரையில் போகிறார்கள், ஒளிந்து கேட்கிறார்கள், ஒருவன்கூடப் புகைக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சரக்கு அது, சோழர் காலத்துக்கு அறுநூறு வருடம் தாமதமாக வந்தது என்று விளக்கினேன். அப்படியானால் அந்த வந்தியத்தேவன் வழி நெடுக என்னதான் செய்கிறான் என்றார். வாயாடுகிறான் என்றேன். முடித்தவுடன் இரண்டாம் பாகம் வேண்டும், தபாலில் அனுப்பு என்றார். அனுப்பவில்லை, அவரே தேடி வாங்கட்டும், கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து இறுக்கியவருக்கு இது ஒரு வேலையா.