காலனி இல்லாத தட்டு: ஒரு மரபணுவைப் பிளாஸ்மிடில் ஏற்றிய அனுபவம்

ஒரு மரபணுவைப் பிளாஸ்மிடோடு (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு டிஎன்ஏ வளையம்) ஒட்டி ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றுவது, தாளில் பார்த்தால் நாலு நாள் வேலை. ஆனால் மூன்று வாரம் ஓடிவிடும். நாலாம் நாள் பாக்டீரியா வளர்க்கும் தட்டு வெறுமையாக இருக்கும், ஒரு காலனிகூட (ஒரு செல் பெருகி உண்டாகும் புள்ளி) இருக்காது. எந்தப் படியில் பிசகியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம். நேரம் போவது அங்கேதான். அதனால் பிசகிய படியைக் காட்டிக்கொடுக்கும் ஒப்பீட்டுத் தட்டுகளான கண்ட்ரோல் தட்டுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது 3,000 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளமுள்ள, ஆம்பிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு கொண்ட ஒரு பிளாஸ்மிட்; அது ஏறிய செல் மட்டுமே ஆம்பிசிலின் தட்டில் வளரும். ஏற்ற வேண்டிய துண்டு 1,000 காரஇணை. வெட்ட ஈகோஆர்1, ஹிண்ட்3 என இரண்டு நொதிகள். இரண்டு முனைகளும் வேறுவேறாக இருப்பதால் துண்டு தலைகீழாக ஒட்டாது.

துண்டைப் பிசிஆரில் நகலெடுக்கத் தொடக்கமாக வைக்கும் சிறு டிஎன்ஏ இழைதான் பிரைமர். அதை வரையும்போதே இரண்டு விஷயம். வெட்டுமிடம் மரபணுவின் நடுவிலும் இருக்கிறதா என்று தேடிவிட வேண்டும். அடுத்து, பிரைமரின் 5' நுனியில் (தொடக்க முனை) வெட்டுமிடத்துக்கு முன்னால் 4 முதல் 6 காரங்கள் கூடுதலாக வைக்க வேண்டும். டிஎன்ஏவின் விளிம்பிலேயே வெட்டுமிடம் இருந்தால் பல நொதிகளுக்கு உட்காரப் பிடி கிடைக்காது. பிசிஆரில் நகலெடுக்கும் நொதி பாலிமரேஸ்; அதில் சாதாரண டாக் வேண்டாம். பிழை திருத்தும் பாலிமரேஸ் போடுங்கள்.

வெட்டும் கலவை 50 மைக்ரோலிட்டர்: பிளாஸ்மிட் 1 மைக்ரோகிராம், நொதி ஒவ்வொன்றும் 10 யூனிட், 37 டிகிரியில் 2 மணி நேரம். நொதியைக் கூடுதலாக ஊற்றினால் நன்றாக வெட்டும் என்று நினைக்கத் தோன்றும். நொதி வருவதே 50 சதவீதக் கிளிசராலில்தான். கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் சில நொதிகள் தங்களுக்கு உரியதல்லாத வரிசைகளையும் வெட்டத் தொடங்கும். ஈகோஆர்1 இதற்குப் பேர்போனது.

வெட்டியதை 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, பட்டையை அறுத்தெடுத்து, காலமில் (டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் சிறு வடிகுழாய்) சுத்தம் செய்கிறோம். பலருடைய லைகேஷன் (துண்டையும் பிளாஸ்மிடையும் ஒட்டும் படி) அவர்களுக்கே தெரியாமல் செத்துப்போகும் இடம் இது. குறைந்த அலைநீளப் புற ஊதா விளக்கில் ஜெல்லை வைத்துக்கொண்டு நிதானமாக அறுத்தால், பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்து டிஎன்ஏ கெட்டுவிடும். ஜெல்லில் பட்டை அழகாகவே தெரியும், காலனிதான் வராது. 365 நானோமீட்டர் விளக்கோ நீல ஒளியோ பயன்படுத்துங்கள். அதிலும் சில விநாடிகள் போதும். காலமைக் கழுவிய பிறகு வெறுமனே இன்னொரு 2 நிமிடம் சுழற்றி எத்தனாலை விரட்டுங்கள். ஜெல் குழியில் இடும்போது மாதிரி அடியில் தங்காமல் மேலே மிதந்து வந்தால், எத்தனால் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

லைகேஷனில் வெக்டர், அதாவது வெட்டிய பிளாஸ்மிட், 50 நானோகிராம். மூலக்கூறு எண்ணிக்கையில் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் துண்டு. கணக்கு இது: 50 × (1,000 ÷ 3,000) × 3 = 50 நானோகிராம். மொத்தம் 20 மைக்ரோலிட்டர், ஒட்டும் நொதியான டி4 லைகேஸ், 16 டிகிரியில் இரவு முழுக்க. லைகேஸ் பஃபரில் (நொதியோடு சேர்க்கும் கரைசல்) அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி இருக்கிறது. உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்தால் அது சிதைந்துபோகும். புதுக் குழாய் வந்த அன்றே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்துவிட்டால் அந்தச் சந்தேகமே வராது.

செல்களுக்குள் ஏற்றுவது கால்சியம் குளோரைடு முறையில். 1973-இல் கோஹனும் போயரும் வெட்டி ஒட்டிய பிளாஸ்மிடை ஈ. கோலைக்குள் அனுப்பியதும் இந்த வழியில்தான். 100 மைக்ரோலிட்டர் செல்லுக்கு லைகேஷன் கலவை 5 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம். பனிக்கட்டியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, திரும்பப் பனியில் 2 நிமிடம். பிறகு 900 மைக்ரோலிட்டர் எஸ்ஓசி என்ற ஊட்டக் கரைசலை ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, செல்களைச் சுழற்றி அடியில் இறக்கி, முழுவதையும் தட்டில் பரப்புகிறோம். உறைந்த செல்களைக் கைச்சூட்டில் உருக்காதீர்கள்.

இப்போது கண்ட்ரோல்கள். துண்டு சேர்த்த தட்டோடு இன்னும் ஐந்து தட்டுகள். சோம்பலாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வாரத்தை மிச்சப்படுத்துவது இவைதான்.

டிஎன்ஏ சேர்க்காத செல்கள், ஆம்பிசிலின் இல்லாத தட்டில்: புல்வெளி போல நிறைய வேண்டும். வராவிட்டால் செல்களே உயிரோடு இல்லை. அதே செல்கள், ஆம்பிசிலின் தட்டில்: ஒன்றும் வரக்கூடாது. வந்தால் ஆம்பிசிலின் செத்திருக்கிறது. பெரும்பாலும் அகாரை 50 டிகிரி வாக்கில் ஆறவிடாமல் கொதிக்கக் கொதிக்க மருந்தைக் கலந்ததுதான் காரணம். வெட்டாத பிளாஸ்மிட் 0.1 நானோகிராம்: 100 காலனி வந்தால் மைக்ரோகிராமுக்கு 10 லட்சம் என்று கணக்கு. அதற்கும் கீழே என்றால் லைகேஷனைக் குறை சொல்லாதீர்கள், புதிதாகச் செல் தயாரியுங்கள்.

வெட்டிய வெக்டர், லைகேஸ் இல்லாமல்: இங்கே வரும் காலனிகள் வெட்டப்படாமல் தப்பிய பிளாஸ்மிடால் வந்தவை. வெட்டிய வெக்டரும் லைகேஸும், துண்டு இல்லாமல்: முந்தையதைவிட இதில் மிக அதிகம் என்றால், இரண்டு நொதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட வெக்டர் தன்னைத்தானே மூடிக்கொண்டிருக்கிறது. துண்டு சேர்த்த தட்டில் இதைப்போல மூன்று நான்கு மடங்காவது வந்தால்தான் காலனி பொறுக்குவதில் பொருளுண்டு.

தட்டை 16 முதல் 18 மணி நேரத்துக்கு மேல் இன்குபேட்டரில் விடாதீர்கள். எதிர்ப்புள்ள காலனி வெளியே கசியவிடும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி சுற்றியுள்ள ஆம்பிசிலினை அழித்துவிட, அதன் நிழலில் பொடிப்பொடியாகத் துணைக் காலனிகள் முளைக்கும். அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது. நடுவில் இருக்கும் பெரியதைத் தொடுங்கள்.

துண்டு ஏறியிருக்கிறதா என்று காலனியிலேயே நேரடியாகப் பார்க்கும் காலனி பிசிஆரில் இரண்டு பிரைமரும் துண்டுக்குள்ளேயே விழுந்தால் எல்லாக் காலனியும் 'பாசிட்டிவ்' ஆகிவிடும், ஏனென்றால் தட்டில் பரப்பிய லைகேஷன் கலவையே அங்கே ஒட்டியிருக்கும். ஒரு பிரைமர் வெக்டரில், மற்றது துண்டில் என்று வையுங்கள். காலனியையும் ஊசிமுனை அளவுதான் எடுக்க வேண்டும். அள்ளிப் போட்டால் பிசிஆர் படுத்துவிடும்.

பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும்போது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 5 நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள். பிளாஸ்மிடே மீளமுடியாதபடி குலைந்துவிடும். அந்தக் கட்டத்தில் வோர்டெக்ஸில் வைத்து வேகமாகக் குலுக்குவதும் கூடாது, குரோமோசோம் உடைந்து கலந்துவிடும். வரிசை படித்துப் பார்த்துச் சரியாக வந்த குளோனை அன்றே 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பெயரையும் தேதியையும் குழாயின் பக்கவாட்டில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும்.