மகனுக்குப் போகாத வீடு

எழுதுவது ஹோல்போர்ன், லண்டன்காரர்கள் சொல்வது ஹோபன். அந்த ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ். அங்கே 13ஆம் எண் வீடு, கட்டடக்கலைஞர் சர் ஜான் ஸோன் வாழ்ந்த வீடு. இப்போது அருங்காட்சியகம், கட்டணம் கிடையாது. வாசலிலேயே என் தோள்பையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே போனதும் காரணம் புரிந்தது. திரும்பினால் முழங்கை ஏதாவது ஒரு பளிங்குச் சிலை மேல் படும்.

கொத்தனார் மகனாக 1753இல் பிறந்து, பேங்க் ஆஃப் இங்கிலாந்தையே கட்டியவர் ஸோன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப்போட்டிருக்கிறார். எகிப்து மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டியைப் பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று வேண்டாமென்றது. இவர் 1824இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கி, அடித்தளத்தில் இறக்கிவிட்டார்.

நான் தேடி வந்தது ஓவிய அறையை. நம் ஊர் வீட்டுச் சமையலறை அளவுதான், ஆனால் நூறுக்கும் மேல் படங்கள். எப்படி? சுவர்களே கதவுகள். ஊழியர் ஒருவர் பலகையை மெல்ல இழுத்துத் திறந்தார். பின்பக்கமும் படம், அதற்குப் பின்னாலும் படம். அங்கேதான் இருந்தன பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்கள். அப்பன் சேர்த்த சொத்தை டாம் என்ற பையன் அழிக்கும் கதை. முதல் படத்தில் கஞ்சத் தகப்பன் செத்த வீடு. துக்கத்துக்குக் கறுப்புத் துணி அடிக்கிறார்கள். ஆணி இறங்கிய இடத்திலிருந்து, ஒளித்துவைத்த தங்கக் காசுகள் உதிர்கின்றன. பையனோ புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறான்! எட்டாவது படத்தில் அவன் பைத்தியக்கார விடுதியில் தரையில் கிடக்கிறான். பட்டாடை உடுத்திய பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஸோன் இவற்றை வாங்கியது 1802இல். அப்போது அவருடைய இரண்டு மகன்களும் வளரும் பையன்கள். பின்னாளில் இளையவன் ஜார்ஜ் கடனில் மூழ்கிச் சிறைக்குப் போனான். 1815இல் தன் பெயரைப் போடாமல், அப்பாவின் கட்டடங்களைக் கிழித்துப் பத்திரிகையில் எழுதினான். எழுதியது யார் என்று தாய் எலைஸாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நவம்பரில் அவர் இறந்தார். அந்தக் கட்டுரைகளை ஃபிரேம் போட்டு, 'ஜார்ஜ் கொடுத்த மரண அடிகள்' என்று எழுதி மாட்டிவைத்தார் ஸோன். நான்கு சுவருக்குள் முடிய வேண்டிய சண்டையை இப்படியா ஆணியடித்து மாட்டுவது?

அதோடும் விடவில்லை. வீடு மகன் கைக்குப் போகக் கூடாது என்று 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவரச் செய்தார். தான் சாகும்போது எப்படி இருந்ததோ, கூடுமானவரை அப்படியே வீடு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1837இல் போய்ச் சேர்ந்தார்.

கிளம்பும் முன் பின்முற்றத்தை எட்டிப் பார்த்தேன். பெரிய மனிதர் யாருடைய கல்லறையோ என்று நினைத்தேன். எலைஸாவின் செல்ல நாயுடையது. கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்: 'ஐயோ பாவம், ஃபேனி!'