தாமானை விட்ட பிறகு

மே 24

பாய் இல்லாமல் கயாக்கை (என் ஒற்றை ஆள் துடுப்புப் படகு), தலைகீழாகக் கவிழ்ந்தபின் வெளியே வராமலே புரட்டி எழுவது இரண்டு பக்கமும் பழகிவிட்டது. இன்று முதல்முறையாகப் பாய் ஏற்றியபடி கவிழ்ந்து பார்த்தேன். ஜாம்பவானோடை துறையில் இறக்கி, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை லகூனுக்கு (காயலுக்கு)ப் போய், அலையாத்தி மரங்களை ஒட்டி.

முழுதாகக் கவிழவே இல்லை. பாய்மரம் சேற்றில் குத்தி நின்றுவிட்டது. லகூனில் பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர்தான், என் மரம் அதைவிட ஒரு சாண் நீளம். முகம் தண்ணீருக்குள் இருக்க, கயாக் அசையவில்லை. உட்காரும் குழியை மூடியிருக்கும் இடுப்பு உறையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். முழங்கால் வரை சேறு. ஆழம் பார்க்காமல் இறங்கியது தப்பு.

மே 31

முகத்துவாரம் தாண்டிப் போனோம். சின்னையா ஃபைபர் படகில் துணைக்கு வந்தார். துடுப்பை நெட்டுக்குத்தாக விட்டேன், தரை தட்டவில்லை. சோழகம் (தென்காற்று) சீராக அடித்தது.

மூன்று முறை கவிழ்ந்தேன், ஒரு முறையும் எழ முடியவில்லை. பாய் ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. ஆனால் தண்ணீருக்குள் அது சுவர். பாதி எழும்போதே பிடித்து இழுக்கிறது. இடுப்பை வேகமாக வெட்ட வெட்ட இன்னும் கனக்கிறது.

சின்னையா இருபது வருஷம் பாய் வள்ளம் ஓட்டியவர். கயாக்கை இதுவரை தொட்டதில்லை. பார்த்தவுடனே சொன்னார்: "தாமான இறுக்கிக் கட்டிவச்சிக்கிட்டு எந்திரிச்சா எப்படிடா வரும்? அவுத்து விடு. துணி தானா ஒதுங்கும்." தாமான் என்றால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு.

ஜூன் 7

கடலுக்குப் போகவில்லை. தாமான் கயிற்றின் பிடியைக் கயாக்கின் மூக்குப் பக்கமிருந்து உட்காரும் குழிக்கு அருகே, வலது கைக்கு எட்டும்படி மாற்றினேன். கயிற்றில் ஒரு முடிச்சும் போட்டேன். தலைகீழாக, கண் மூடியிருக்கும்போது விரலுக்கு அதுதான் அடையாளம். திண்ணையில் கயாக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவையாவது அவிழ்த்திருப்பேன்.

ஜூன் 12

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள். கடைமடையில் இருக்கிற எங்களுக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும். விடியலில் நான் கடலில்.

கவிழ்ந்தேன். முடிச்சு கையில் பட்டது, இழுத்தேன், தாமான் விட்டுக்கொடுத்தது. காற்று போகும் பக்கமாக எழுந்தேன். ஈரப் பாயைக் காற்று தண்ணீரோடு அழுத்தியது. அவசரப்படாமல், உடம்பைப் பின்தளத்தில் சாய்த்து, துடுப்பை நீர்மேல் முன்னும் பின்னும் நாலைந்து முறை தடவினேன். பாயிலிருந்து தண்ணீர் வடிய வடிய மரம் மெல்ல நிமிர்ந்தது. எழுந்துவிட்டேன்! சின்னையா படகிலிருந்து கை தட்டினார்.

அடுத்தது காற்று வரும் பக்கம். சுலபமாக வந்தது, ஆனால் பாய் மேலே வந்ததும் காற்று அடியில் புகுந்து மறுபக்கம் தூக்கிப் போட்டது. நாலாவது முயற்சியில்தான் பிடிபட்டது: உடம்பு மேலே வந்த கையோடு துடுப்பு மறுபக்கம் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும்.

பாய்மரத்தின் அடியில் கட்டு தளர்ந்திருக்கிறது. ராத்திரியே மாற்றிக் கட்டணும்.