நேஷன்ஸ்டேட்ஸில் ஒரு நாட்டை நிறுவி ஆண்ட அனுபவம்

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய விளையாட்டில் ஒரு நாட்டைத் தொடங்கச் சில நிமிடங்கள் போதும். அதை நாம் விரும்பிய நாடாக ஆக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பேரி, தன் நாவல் ஒன்றுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் இதைத் தொடங்கினார். படைகளை நகர்த்தும் வரைபடம் இதில் இல்லை. வென்றவர், தோற்றவர் என்ற முடிவும் இல்லை. வாசிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்.

முதலில் நாட்டுக்குப் பெயர் கேட்பார்கள். ரோமன் எழுத்துகளில்தான் தர முடியும். பிறகு அதை மாற்ற வழியில்லை என்பதால் இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கொடி, தேசிய விலங்கு, நாணயம், குறிக்கோள் வாசகம் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எறும்புதின்னியை தேசிய விலங்காகவும் சோழியை நாணயமாகவும் வைத்துக்கொண்டேன். மக்கள்தொகை தானாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்து ஒரு சிறிய வினாப்பட்டியல் வரும். பெருநிறுவனங்களால் நன்மையா, இளைஞர்களுக்குக் கட்டாய சேவை தேவையா என்பது போன்ற கூற்றுகளுக்கு உடன்பாடா, மறுப்பா என்று சொல்ல வேண்டும். விருப்பமில்லையென்றால் தாண்டிவிடலாம். ஆனால் பதில் சொல்லித் தொடங்குவதே நல்லது என்பேன். உங்கள் பதில்களைக் கொண்டு விளையாட்டு ஓர் ஆரம்ப நிலையை அமைத்துத் தருகிறது. அங்கிருந்து நாடு எந்தத் திசையில் நகர்கிறது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

குடிமை உரிமைகள், பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் என்ற மூன்று அளவுகோல்கள்தான் நாட்டின் வகையைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்தால் 27 வகைகள் கிடைக்கின்றன. மூன்றும் நடுவில் இருந்தால் 'யாரையும் உறுத்தாத நடுநிலை ஜனநாயகம்' என்ற பொருளில் ஒரு பெயர். மூன்றும் அடிமட்டத்துக்குப் போனால் வெறிபிடித்த சர்வாதிகாரம். வகையின் பெயர் எளிதில் மாறிவிடும். அதைத் துரத்திக்கொண்டு ஆட்சி செய்வதில் பயனில்லை.

உண்மையான ஆட்சி, அன்றாடம் வரும் பிரச்சினைகளில்தான் நடக்கிறது. ஒரு செய்தி வரும். அதைப் பற்றி இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நாம் ஒருவரின் பேச்சைக் கேட்டாக வேண்டும். தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா என்ற பிரச்சினை பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் கட்டாயமாக்கு என்கிறார், இன்னொருவர் அது அவரவர் விருப்பம் என்கிறார், மூன்றாமவர் தேர்தலே எதற்கு என்கிறார். எந்தத் தேர்வு எதை உயர்த்தும், எதைத் தாழ்த்தும் என்று முன்கூட்டியே காட்ட மாட்டார்கள். முடிவெடுத்த பிறகுதான் விளைவுகள் தெரியும். அந்தச் சட்டமும் நாட்டின் வர்ணனையில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். கல்வி, மருத்துவம், பொதுப் போக்குவரத்து என்று எந்தப் பிரச்சினை வந்தாலும் மக்களுக்குச் செலவில்லாத வழியையே தேர்ந்தெடுத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. இன்று கேட்டாலும் அதையே செய்வேன். ஆனால் அவையெல்லாம் ஒரே கருவூலத்திலிருந்து நடக்க வேண்டியவை. சராசரி வருமான வரி ஏறிக்கொண்டே போனது, தனியார் தொழில்கள் சுருங்கின. அதை ஈடுகட்டத் தொழில்துறைக்கு இடம் கொடுத்தபோது சுற்றுச்சூழல் அளவீடு இறங்கியது. ஒரு துறைக்கு எடுக்கும் முடிவு அந்தத் துறையோடு நிற்பதில்லை என்பதை எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

எந்த யோசனையும் உங்கள் கொள்கைக்குப் பொருந்தவில்லை என்றால் பிரச்சினையைத் தள்ளுபடி செய்யலாம். அதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தேர்தலை ஒழிப்பதோ எதிர்ப்பவரைச் சிறையில் தள்ளுவதோ மட்டுமே தீர்வு என்று ஒருவர் வந்து நின்றால், வேண்டாம் என்று அனுப்புவதும் ஆட்சிதான்.

நாடு பிறந்தவுடன் தந்திகள் குவியும். விளையாட்டில் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு நாடும் ஒரு பகுதியில், அதாவது பல நாடுகள் சேர்ந்த ஒரு குழுவில் இருக்கும். புதிய நாடுகள் பலவும் பசிபிக் என்று முடியும் பெரிய பகுதிகளில் பிறக்கின்றன. தங்கள் பகுதிக்கு வந்துவிடுங்கள் என்று மற்றவர்கள் அழைக்கிறார்கள். எந்த அழைப்பையும் உடனே ஏற்க வேண்டியதில்லை. அங்கே உரையாடல் நடக்கிறதா, நிறுவனர் இன்னும் வந்துபோகிறாரா என்று பார்த்துவிட்டு நகருங்கள். கவனிப்பாரற்ற பகுதிகளைப் படையெடுப்பாளர்கள் கைப்பற்றுவதும், காவலர்கள் மீட்பதும் இங்கே தனி உலகம்.

உலக மன்றத்தில் சேர்வது அடுத்த படி. முன்பு இதற்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். அசல் ஐக்கிய நாடுகள் சபை 2008-இல் ஆட்சேபித்ததால் பெயரும் சின்னமும் மாறின. விண்ணப்பித்தால் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். அதை அழுத்தினால் உறுப்பினர். ஒருவர் எத்தனை நாடுகள் வைத்திருந்தாலும் ஒன்றை மட்டுமே மன்றத்தில் சேர்க்கலாம். பொதுச்சபை நிறைவேற்றும் தீர்மானங்கள் உறுப்பு நாடுகளின் அளவீடுகளையும் மாற்றும். ஆகவே வாக்களிக்கும் முன் தீர்மானத்தின் முழு உரையையும் படியுங்கள். தலைப்பு இனிமையாக இருக்கும், உள்ளே வேறு கதை இருக்கும். பகுதியில் உள்ள பிற உறுப்பினர்களின் ஆதரவை அதிகம் பெறுபவர் பிரதிநிதியாகிறார். ஆதரவு கூடக்கூட அவருடைய வாக்கின் எடையும் கூடுகிறது.

28 நாட்கள் உள்ளே வராமல் இருந்தால் நாடு மறைந்துவிடும். நீண்ட பயணமோ தேர்வோ இருந்தால் அமைப்புகளில் விடுமுறை நிலையைத் தேர்ந்தெடுங்கள். அவகாசம் 60 நாட்களாக நீளும். அதையும் தாண்டிவிட்டாலும் கவலை வேண்டாம்; உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டு அதே நாட்டை மீண்டும் உயிர்ப்பிக்கலாம்.