பேஸ்பாலின் அடுத்தாள்

செட்டிநாட்டார் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு லேவாதேவிக் கடை என்றால் மேலாள் ஒருவர் இருப்பார், பெட்டியடிப் பையன் ஒருவன் இருப்பான், நடுவில் அடுத்தாள். பேரேடு எழுதுவது, வசூலுக்கு அலைவது, மேலாள் ஊருக்குக் கப்பலேறினால் பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்வது எல்லாம் அவர் தலையில். காரைக்குடிப் பக்கம் பெரியவர்கள் வாயில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. பேஸ்பாலில் யுடிலிட்டி பிளேயர் என்று ஒருவருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சட்டென்று ஆல்ரவுண்டர் என்று சொல்லிவிடுகிறார்கள். அது வேறு. கிரிக்கெட் ஆல்ரவுண்டர் மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். யுடிலிட்டி ஆளுக்குப் பந்துவீச்சு வேலையே இல்லை (விதிவிலக்கு ஒன்று உண்டு, பின்னால் வருகிறது). இன்று செகண்ட் பேஸ், நாளை லெஃப்ட் ஃபீல்ட், அடுத்த நாள் தேர்ட் பேஸ் என்று நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய முனைகள் பேஸ்கள், அவற்றைத் தாண்டிய பரப்பு லெஃப்ட், சென்டர், ரைட் என்று மூன்று ஃபீல்டுகள்). உப்புக்குச் சப்பாணி என்று நினைத்துவிடவும் வேண்டாம். அணி எண்ணிக்கையை ஒருமுறை கூட்டிக் கழித்தால் விஷயம் புரியும்.

அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு 26 பேர். பந்து வீசும் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது, அநேகமாக எல்லா அணிகளும் அந்த 13-ஐ நிரப்பிவிடும். மீதி 13. களத்தில் மட்டை பிடிப்பவர்கள் 9 போக பெஞ்சில் 4 பேர். அதில் ஒருவர் இரண்டாவது கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்). அவரை இறக்க மேனேஜருக்கு மனசே வராது, ஆடும் கேட்ச்சருக்கு விரலில் அடிபட்டால் வேறு நாதி இல்லை. ஆக, மூன்று பேரை வைத்துக்கொண்டு ஏழு இடங்களைக் காக்க வேண்டும், 162 ஆட்டங்களுக்கு. 2022-இல் மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கிலும் டிஎச் (பிட்சருக்காக ஆட்டம் முழுக்க மட்டை மட்டும் பிடிப்பவர்) வந்துவிட்டதால், ஆட்டத்தின் நடுவே பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க பெஞ்சிலிருந்து ஓர் ஆள் என்ற தேவை போய்விட்டது. அடிக்க மட்டும் தெரிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழைய ஆட்களின் இடமும் அதோடு போயிற்று. 2020 முதல், ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால் நடக்கும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் செகண்ட் பேஸில் ஒரு ரன்னரோடு தொடங்குகிறது. அங்கே நிறுத்த வேகமாக ஓடும் ஆள் தேவை, ஓடியவர் அடுத்த பாதியில் ஏதாவது ஓர் இடத்தில் ஃபீல்டிங்கும் செய்தாக வேண்டும்.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. எல்லா இடத்திலும் சுமாராக நிற்கத் தெரிந்தால் யுடிலிட்டி ஆளாகிவிடலாம் என்று. ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கத் தெரியாதவருக்கு இந்தப் பிழைப்பு நெடுநாள் ஓடாது. செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கும் அந்த ஆள்தான் இரண்டு பக்கமும் ஓடி, தூரத்தில் பிடித்து, தூரத்துக்கு எறிய வேண்டும். வலக்கை பேட்டர் ஒருவர் தான் நின்று அடிக்கும் ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓட ஏறக்குறைய 4.3 விநாடி. அதற்குள் பிடித்து, காலை நிறுத்தி, எறிந்து முடிக்க வேண்டும். அங்கே நிற்பவரை மற்ற இடங்களுக்கு இறக்கலாம், மற்ற இடத்து ஆளை அங்கே ஏற்றுவது அபூர்வம். சான் டியேகோ அணியில் இருந்த ஹா-சியோங் கிம் நல்ல உதாரணம். கொரியாவில் ஷார்ட்ஸ்டாப். அணி வேறொரு பெரிய ஷார்ட்ஸ்டாப்பைக் கொண்டுவந்ததும் செகண்ட் பேஸுக்கு நகர்ந்து, தேர்ட் பேஸிலும் பழைய இடத்திலும் மாறி மாறி நின்று, 2023-இல் சிறந்த ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்டு குளோவ் விருதை யுடிலிட்டிப் பிரிவில் வாங்கினார். அந்தப் பிரிவே 2022-இல்தான் வந்தது. முதல் வருஷம் டிஜே லமேஹியூவும் பிரெண்டன் டோனவனும் பெற்றார்கள். அதுவரை இந்த வேலைக்கு என்று தனியாக ஒரு கோல்டு குளோவ் கிடையாது.

ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்கு நகர்வது பார்க்கச் சுலபம், பேஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி நிற்பதுதானே என்று தோன்றும். சிக்கல் டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்குவதில்) இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் பேஸைத் தாண்டும்போது ஓடிவரும் ரன்னர் கண்ணெதிரே இருப்பார், உடம்பும் ஃபர்ஸ்ட் பேஸை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். செகண்ட் பேஸ்மேன் தேர்ட் பேஸ் பக்கமிருந்து வரும் பந்தைப் பார்த்துக்கொண்டே பேஸை மிதிக்க வேண்டும், ரன்னர் பின்பக்கத்திலிருந்து வருவார். புதிதாக நிற்பவர் ரன்னர் எங்கே என்று திரும்பிப் பார்ப்பார், பந்து கையுறையில் பட்டுத் தெறிக்கும். இடது காலால் பேஸை மிதித்து, அதையே தள்ளி விலகி எறிவது பழக நூற்றுக்கணக்கில் பந்து வாங்க வேண்டும். 2015 பிளேஆஃபில் சேஸ் அட்லியின் சறுக்கலில் ரூபன் டெஹாதாவின் கால் எலும்பு முறிந்தது. அடுத்த வருஷமே பேஸை விட்டு ஆளை நோக்கிச் சறுக்கக் கூடாது என்று விதி வந்தது. அதன்பின் இந்த இடத்தில் பயம் பாதி குறைந்தது.

தேர்ட் பேஸில் ஓடுவதற்கு நேரமே கிடையாது. பந்து மணிக்கு 100 மைலுக்கு மேல் வரும். முன்கூட்டியே முழங்கால் மடங்கி, கையுறை தரையோடு இருக்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப் பழக்கத்தில் ஓர் எட்டு எடுத்து வைத்துப் பிடிக்க நினைத்தால் பந்து பக்கத்தில் பறந்துவிடும். பேட்டர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும்போது முன்னால் பாய்ந்து, வெறுங்கையால் எடுத்து, நிமிராமலே எறிவது இன்னொரு வித்தை. பந்து நின்றுவிட்டிருந்தால் வெறுங்கை, உருண்டுகொண்டிருந்தால் கையுறை. இதை மாற்றிச் செய்தால் தப்பும்.

பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்து ஆளை வெளியே அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினால் முதல் வாரத்தில் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: மட்டைச் சத்தம் கேட்டதும் முன்னால் ஓடுவார், பந்து தலைக்கு மேலே போகும். உள்வட்டத்தில் முன்னால் பாய்வது பழக்கம், அங்கே முதல் காலடி பின்னால் விழ வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும். சென்டர் ஃபீல்டில் நிற்பவருக்குப் பிட்சர், கேட்ச்சர், மட்டை எல்லாம் நேர்கோட்டில் தெரியும். ஓரத்து ஃபீல்டுகளில் கோணம் மாறும். வலக்கை பேட்டர் லெஃப்ட் ஃபீல்டுக்கு இழுத்து அடித்தாலும் சரி, எதிர்ப்பக்கம் ரைட் ஃபீல்டுக்கு அடித்தாலும் சரி, பந்து ஓரத்து எல்லைக்கோட்டுப் பக்கம் வளையும். நேராக ஓடிப் போனால் பந்து ஓரடி தள்ளி விழும். எறிவதும் வேறு மாதிரி. உள்வட்டத்தில் கையைப் பக்கவாட்டில் சுருக்கி எறியலாம், தூரம் குறைவு. அதே கையால் ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்தால் பந்து பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் யாருமில்லாத இடத்தில் விழும். தையலைக் குறுக்காகப் பிடித்து, தலைக்கு மேலிருந்து எறிய வேண்டும்.

ஃபர்ஸ்ட் பேஸைப் பற்றி ஒன்றே ஒன்று: எறி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிவதற்கு முன் காலை நீட்டாதீர்கள். முன்கூட்டியே நீட்டிவிட்டால் பக்கத்தில் வரும் பந்துக்கு நகர வழியில்லை.

இடக்கையால் எறிபவருக்கு இந்த வேலை இல்லை. ஷார்ட்ஸ்டாப், செகண்ட், தேர்ட் மூன்றிலும் பிடித்தபின் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கும், அந்தத் திருப்பத்தில் ரன்னர் சேர்ந்துவிடுவார். இடக்கையால் அடிப்பது மட்டும் பெரிய வரம், ஏனென்றால் பிட்சர்களில் பெரும்பாலோர் வலக்கை, எதிர்க்கைப் பந்தை அடிப்பது சுலபம்.

கையுறை ஒன்று போதாது. நடு உள்வட்டத்துக்கு 11.25 முதல் 11.5 இன்ச், தேர்ட் பேஸுக்கு 11.75 அல்லது 12, அவுட்ஃபீல்டுக்கு 12.5 அல்லது 12.75, ஃபர்ஸ்ட் பேஸுக்குத் தனி மிட். உள்வட்டத்தில் சின்னது ஏன் என்றால், குழி ஆழமாக இருந்தால் பந்து உள்ளே புதைந்து எடுக்க அரை நொடி ஆகும், டபுள் பிளே போயிற்று. நம் ஊரில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 11.75 வாங்குங்கள். பதப்படுத்துகிறேன் என்று செக்கு எண்ணெயை ஊற்றும் பழக்கம் இங்கே இருக்கிறது. தோல் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும், சிக்கடிக்கும். கையுறைக்கென்று விற்கும் பூச்சு துளியூண்டு போதும், மீதியைப் பந்து பிடித்துப் பிடித்தே பழக்க வேண்டும். வெயிலில் காயப் போட்டால் வார் அறுந்துவிடும்.

பெஞ்சில் உட்காருவதும் ஒரு தொழில்தான். ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் யுடிலிட்டி ஆள் எழுந்து உள்ளே போவார். ஸ்டேடியத்துக்கு அடியில் உள்ள கூண்டில் மட்டை சுழற்றல், சின்ன ஓட்டம், தோள் சூடாக நாலு எறி. எதிரணியில் எந்த பிட்சர் கை உதறிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தால் தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். ஆறிப்போன உடம்போடு வந்து ஒரே ஒருமுறை அடிப்பது, தொடர்ந்து ஆடுபவர்களுக்கே கஷ்டம். நல்ல பேட்டர்களும் அப்படி இறங்கும்போது வழக்கத்தைவிடக் குறைவாகவே அடிக்கிறார்கள்.

இனி சம்பளம். கடை ஆட்களுக்கு மூன்று வருஷத் தவணை என்பார்கள், இங்கேயும் மூன்றுதான் முக்கியம். அணி கையில் வைத்திருக்கும் 40 பேர் பட்டியலில் (ஆடும் 26 பேரும் இதற்குள் அடக்கம்) சேர்ந்த ஆளை மூன்று பருவங்கள் வரை கீழ்மட்ட மைனர் லீக்குக்கு இறக்கி ஏற்றலாம், ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் கூடாது. இந்த 'ஆப்ஷன்' கையிருப்பு இருக்கும் வரை அணிக்கு அவர் வசதி, அவருக்கு அது அலைச்சல். மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2026-க்கு 7,80,000 டாலர், அங்கே இருந்த நாட்களுக்கு மட்டும். அதற்கு ஒரு படி கீழே டிரிப்பிள் ஏ-யில், 40 பேர் பட்டியலில் இல்லாத ஆளுக்கு, 2023 ஒப்பந்தப்படி அந்த வருஷம் 35,800 டாலர். ஒரு பேருந்துப் பயணத்தில் இவ்வளவு வித்தியாசம். ஆப்ஷன் தீர்ந்ததும் இறக்க முடியாது, பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். நீக்கியபின் ஏழு நாளுக்குள் விற்கவோ வேறு அணிகள் எடுக்க விடவோ வேண்டும். பல யுடிலிட்டி ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு சட்டை மாற்றுவது இதனால்தான். மேஜர் லீக்கில் 172 நாள் சேர்ந்தால் ஒரு வருஷச் சேவை, ஆறு வருஷம் சேர்ந்தால் தன் விலையைத் தானே பேசலாம். 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத்தில் ஒரு பங்கு உண்டு.

உச்சியைத் தொட்டவர் பென் ஸோப்ரிஸ்ட். மைனர் லீக்கில் ஷார்ட்ஸ்டாப், இரு கையாலும் அடிப்பவர். 2009-இல் 28 வயதில்தான் டாம்பா பே அணியில் பேர் வாங்கினார், பெரும்பாலும் செகண்ட் பேஸும் ரைட் ஃபீல்டும். 2015-இல் கான்சஸ் சிட்டியோடு கோப்பை. அதன்பின் சிகாகோ கப்ஸ் நான்கு வருஷத்துக்கு 56 மில்லியன் டாலர் கொடுத்தது, 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த டபுளில் (இரண்டு பேஸ் ஓடவைக்கும் அடி) அணி முந்தியது, தொடரின் சிறந்த வீரருக்கான எம்விபியும் அவரே.

ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நிற்பது வேறு ரகம். 1965-இல் பெர்ட் கம்பனேரிஸ் முதலில் செய்தார், கடைசியில் கேட்ச்சராக நின்று மோதலில் அடிபட்டு வெளியேறினார். 1968-இல் சீசர் டோவர். 2000-இல் ஸ்காட் ஷெல்டனும் ஷேன் ஹால்ட்டரும். 2017-இல் ஆண்ட்ரூ ரோமைன். டிக்கெட் விற்க உதவும், அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. ஹோஸே ஒக்கெண்டோ 1988 பருவம் முழுக்க ஒன்பது இடங்களிலும் நின்றது அப்படியல்ல. அந்த மே மாதம் பிட்சர்கள் தீர்ந்துபோன ஆட்டமொன்றில் நான்கு இன்னிங்ஸ் வீசி, 19-ஆவதில் தோற்றார். இப்போது அந்த விதிவிலக்கையும் கட்டிவிட்டார்கள்: எட்டு ரன்னோ மேலோ பின்தங்கியிருந்தால், ஒன்பதாவதில் பத்து ரன்னோ மேலோ முன்னிலை என்றால், அல்லது எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் மட்டுமே பிட்சரல்லாதவர் வீசலாம்.

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்விக் கல்லூரிப் பக்கமோ, தண்ணீர் வற்றிய கண்மாயிலோ பழகும் பையன்களுக்கு: ஷார்ட்ஸ்டாப்பில் தினம் 40 தரைப்பந்து, செகண்ட் பேஸில் திரும்பும் காலடி 20, வாரத்தில் மூன்று நாள் உயரப் பந்து 25. நம் செம்மண்ணில் பந்து தாறுமாறாக எழும்பும், அதனால் கையுறையைக் கீழேயே வைத்து மேலே கொண்டுவாருங்கள், மேலிருந்து கீழே கொண்டுபோனால் காலுக்கடியில் போய்விடும். ஹோம் பிளேட்டைப் போடும்போது அங்கிருந்து செகண்ட் பேஸ் கிழக்கு வடகிழக்காக அமைய வேண்டும் என்று விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது, பேட்டர் கண்ணில் சாயங்கால வெயில் விழாமல் இருக்க. அப்படிப் போட்டால் ஆனி மாதத்தில் வெயில் முழுக்க ரைட் ஃபீல்டில் நிற்பவர் கண்ணில் இறங்கும், மார்கழியில் சென்டர் ஃபீல்டில். கையுறையால் சூரியனை மறைத்து, பந்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.