கொடிக்கம்பில ஒரு பேண்டு

ஆன்டெனா அனலைசர்னு ஒண்ணு, ஆன்டெனாவ அளக்குற டப்பா, என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி, பொழுதுபோக்குக்கு ரேடியோல பேசுற ஹாம் நான், நிம்மதியாத்தாங்க இருந்தேன். மாடில ரெண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது அலையோட நீளம் ரெண்டு மீட்டர் கிட்ட வர்ற அலைவரிசைக்கு, ஒரு ஆன்டெனா, அங்க இருந்து ரூமுக்கு 30 மீட்டர் ஒல்லி கோஆக்ஸ் கேபிள், ஆர்ஜி 58, ரேடியோ பக்கத்துல ஒரு முள்ளு மீட்டர். எஸ்டபிள்யூஆர் 1.4 காட்டும், அனுப்புன சிக்னல் ஆன்டெனால முட்டி எவ்வளவு திரும்புதுனு சொல்ற நம்பர் அது, 1னா ஒண்ணும் திரும்பல, ஏற ஏற மோசம். யாராச்சும் கேட்டா பிள்ளையோட மார்க்க சொல்ற அப்பன் மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு 1.4னு சொல்லுவேன். என்ன, கொஞ்சம் தள்ளி இருக்குற ஸ்டேஷன் எதுவும் நான் கூப்பிட்டா பதில் பேசாது. சரி, அவங்க காது அப்படினு விட்டுட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஆசை யார விட்டுச்சு, நானோ விஎன்ஏனு ஒரு அனலைசர் வாங்கிட்டேன். ஜப்பான்ல ஒரு பொழுதுபோக்கு ரேடியோக்காரர் டிசைன் பண்ணி எல்லாரும் செஞ்சுக்கங்கனு தெறந்து விட்டது, இப்ப ஊர் உலகத்துல ஹாம்னு சொல்லிக்கிற முக்கால்வாசி பேர் பாக்கெட்ல அது ஏதாவது ஒரு வடிவத்துல கெடக்கு. சீட்டுக்கட்டு சைஸ் டப்பா, அதுல இருந்து சின்னதா ஒரு சிக்னல் ஆன்டெனாவுக்குப் போகும், எவ்வளவு முட்டிட்டு திரும்பி வருதுனு பாத்து கலர் கலரா கோடு போட்டுக் காட்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான்ல என் குடும்பமே ஒரு மாசம் ஆடிப்போச்சு.

மொத நாளு ரூம்ல கேபிள் முனைல மாட்டிப் பாத்தேன், 1.4. முள்ளு மீட்டரும் அதே, இதுவும் அதே, ஆஹா நல்ல பொருள்தான்னு அதுக்கே நான் மார்க் போட்டேன். அதோட விட்டிருக்கலாம். கைல எடுத்துட்டுப் போற டப்பாவாச்சே, மாடிக்கும் கொண்டுபோய் நேரா ஆன்டெனா அடில மாட்டுவோமேனு போனேன் பாருங்க, அங்க 5. அஞ்சு! டப்பா ரிப்பேர்னு முடிவு பண்ணி கீழ வந்தேன், 1.4. மேல போனேன், 5. கீழ 1.4. நாலாவது தடவ படி ஏறுறப்போ வீட்டம்மா கேட்டாங்க, "ஏங்க, டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரா?"

ஆறாவது தடவயோ ஏழாவது தடவயோ, அசதில ஆன்டெனாவ திருப்பி மாட்டாமலே கீழ வந்துட்டேன். மேல கேபிள் முனை வெறுமனே காத்துல தொங்குது. ரூம்ல டப்பாவ மாட்டுனா 1.7 காட்டுது. ஆன்டெனாவே இல்ல சார்! ஆன்டெனா இருந்தா 1.4, இல்லாட்டி 1.7. இத்தன வருஷமா நான் நெஞ்ச நிமித்தி சொன்ன மார்க்கு ஆன்டெனா வாங்குனதே இல்ல, கேபிள் வாங்குனது.

கணக்கு ரொம்ப எளிசு, அதான் இன்னும் வலிக்குது. அந்த ஒல்லி கோஆக்ஸ்ல 30 மீட்டர் போறதுக்குள்ள ரெண்டு மீட்டர் பேண்டுல 6 டிபி காலி, அதாவது நாலுல மூணு பங்கு பவர் கேபிள சூடு பண்ணவே போயிருது. மிச்சம் ஒரு பங்கு மேல போய் முட்டிட்டு திரும்புது, வர்ற வழில அதுலயும் நாலுல மூணு காலி. முழுசா முட்டித் திரும்புனாகூட வீடு வந்து சேர்றது பதினாறுல ஒண்ணு. மீட்டர் பாவம் வெகுளி, "ஓ, கொஞ்சம்தானே திரும்பி வருது, மிச்சத்த எல்லாம் ஆன்டெனா வாங்கிக்கிச்சு போல"னு நல்ல மார்க் போட்டுருது. பெயிலான பையன் ரிப்போர்ட் கார்ட வழிலயே கிழிச்சுப் போட்டுட்டு, வீட்ல வந்து பாஸுனு சொன்ன கதைதான்.

எனக்கு ரேடியோ கத்துக்குடுத்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு, போன் போட்டு இதச் சொன்னேன். அவரு சிரிச்சு முடிக்கட்டும்னு காத்திருந்துட்டு, தடி கேபிள் மாத்தி, ஆன்டெனாவயும் சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். "நல்லது தம்பி, எப்ப ஏர்ல வர்ற?"ன்னாரு, ரேடியோல எப்ப பேசப் போறனு அர்த்தம். இதோ அண்ணே, 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் ஒண்ணு கட்டிட்டு வந்துர்றேன்னேன். இந்தக் கேள்விய ஞாபகம் வச்சுக்கங்க.

டைபோல்னா நடுவுல கேபிள் சேந்து ரெண்டு பக்கமும் கம்பி நீளுற ஆன்டெனா, கட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வந்துரும், 7.1க்கு 20 மீட்டரும் கொஞ்சமும். வெட்டுறது சுலபம், ஒட்டுறது கஷ்டம்ங்கறதுனால பக்கத்துக்கு 10.5 மீட்டர் வச்சு 21 மீட்டரா விட்டேன். அப்ப அது நீளமாத்தான் இருக்கணும், வெட்டிட்டே வந்தா சரியாப் போகும். இதுவரைக்கும் என் மூளை நல்லாத்தான் வேலை செஞ்சுது.

இந்த டப்பாவுல அளக்குறதுக்கு முன்னாடி கேலிபரேஷன்னு ஒரு சடங்கு இருக்கு, அளவு சரியாக் காட்ட டப்பாவப் பழக்குறது. ஓப்பன் (உள்ள தொடாம விட்டது), ஷார்ட் (உள்ள ஒட்டி வச்சது), லோடு (உள்ள 50 ஓம் வச்சது)னு பட்டாணி சைஸ்ல மூணு பித்தளத் துண்டு குடுப்பாங்க. ஒவ்வொண்ணா மாட்டி, ஸ்கிரீன்ல அதுக்குண்டான பட்டன அமுக்கணும். மூணும் ஒண்ணுக்குப் பொறந்த மாதிரி இருக்கும், உள்ள உத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும், அதுக்கு எனக்குக் கண்ணாடி வேணும், கண்ணாடி கீழ ரூம்ல. கேலிபரேஷன் முடிச்சுட்டு 50 ஓம் லோட மாட்டி செக் பண்ணேன், ஸ்மித் சார்ட்ல புள்ளி கரெக்டா நடுவுல வந்து உக்காந்துச்சு. பிரமாதம்.

ஸ்மித் சார்ட் தெரியாதவங்களுக்கு, வட்டத்துக்குள்ள வட்டமா சிலந்திவலை மாதிரி ஒரு படம், ஆன்டெனாவோட ஓம் கணக்கு அதுல ஒரு புள்ளியா நிக்கும். பெல் லேப்ஸ்ல இருந்த பிலிப் ஸ்மித்னு ஒரு எஞ்சினியர் 1939ல வெளியிட்டது. கணக்கு போட்டு மாளாம மனுஷன் சுலபமா இருக்கட்டும்னு வரைஞ்சிருக்காரு. அவருக்கு சுலபம்.

சும்மா எஸ்டபிள்யூஆர் மட்டும் பாத்தா பழைய ஆளுங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு திமிரு வேற எனக்கு. ஆர் (ரெசிஸ்டன்ஸ்) என்ன, எக்ஸ் (ரியாக்டன்ஸ்) என்னனு பாத்து செய்வோம். எக்ஸ் பிளஸ்ல இருந்தா ஆன்டெனா நீளம், வெட்டு. மைனஸ்ல இருந்தா குட்டை, கூட்டு. இத மட்டும் நல்லா படிச்சு வச்சிருந்தேன். ஃபீட் பாயின்ட, அதான் நடுவுல கேபிள் சேர்ற எடத்த, கைக்கு எட்டுற ஒசரத்துக்கு எறக்கி, டப்பாவ நேரா அதுலயே மாட்டி, 7.1ல மார்க்கர வச்சேன். எக்ஸ் மைனஸ் 17. குட்டையாம்! 21 மீட்டர் கம்பி குட்டையாம். ஃபார்முலா ஏதோ தப்பு, மிஷின் பொய் சொல்லாதுனு பக்கத்துக்கு அரை மீட்டர் கம்பிய முறுக்கிக் கூட்டுனேன். மைனஸ் 13. பாத்தீங்களா, சைபர நோக்கிப் போகுது, வழி கரெக்ட்! இன்னும் கொஞ்சம் கூட்டுனேன். எஸ்டபிள்யூஆர் மட்டும் 3ல இருந்து 6, அதுக்கும் மேலனு ஏறிட்டே போகுது, அது கெடக்கு கழுத, எக்ஸ் சைபர் ஆனா தானா வழிக்கு வந்துரும்னு விட்டுட்டேன். கம்பி மாடியத் தாண்டி பக்கத்து மரத்துல ரெண்டு கெளை வரைக்கும் போயிருச்சு. வீட்டம்மா நிமிந்து பாத்துட்டு, "இன்னும் எத்தன வீடு தாண்டணும்?"னாங்க.

சாயங்காலம் அண்ணனுக்கு போன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "லோடு நடுவுல நிக்குது, சரி. ஷார்ட்ட மாட்டு. புள்ளி எந்தப் பக்கம் நிக்குது?"

மாட்டுனேன். "வலது பக்கம் அண்ணே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "தம்பி, ஷார்ட்டு இடது பக்கம்ல நிக்கணும்."

ஓப்பன் பட்டன அமுக்குறப்போ ஷார்ட்டையும், ஷார்ட் பட்டனுக்கு ஓப்பனையும் மாட்டிருக்கேன். இதுல அழகு என்னன்னா லோடு எப்படி மாத்துனாலும் நடுவுலதான் நிக்கும், அதுனால நான் செஞ்ச செக்குல அது பாஸ். எஸ்டபிள்யூஆரும் மாறாது, எவ்வளவு திரும்பி வருதுங்கற அளவு அதேதான். ஆனா படம் மட்டும் அப்படியே தலைகீழாப் போயிரும், 75 ஓம் இருந்தா 33னு காட்டும், நீளமா இருந்தா குட்டைன்னு காட்டும். நான் மதிக்காத எஸ்டபிள்யூஆர்தான் அன்னிக்கு பூரா உண்மையச் சொல்லிட்டு இருந்துருக்கு. ஒண்ணுமே தெரியாம அத மட்டும் பாத்திருந்தாகூட அரை மணி நேரத்துல முடிச்சிருப்பேன், அரைகுறையா படிச்சதுதான் மரம் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

மறுநாள் கண்ணாடி போட்டுக்கிட்டு, பித்தளத் துண்டு மூணுலயும் மார்க்கர்ல புள்ளி வச்சு, திரும்பவும் சடங்கெல்லாம் செஞ்சு, கூட்டுன கம்பிய அவுத்து, வெட்டி வெட்டி கீழயே 7.1க்கு கொண்டாந்தேன். மேல ஏத்துனா 7.25க்கு ஓடிருச்சு. தரைக்குப் பக்கத்துல இருக்குறப்ப ஃப்ரீக்வென்சி கீழ எறங்கித்தான் இருக்கும், ஏத்த ஏத்த மேல போகும்னு அண்ணன் அப்புறமா சொன்னாரு. அப்புறமாத்தான் சொன்னாரு. கம்பிய ஒட்டுனது, வெட்டாம மடிச்சு விட்டது எல்லாம் தனிக்கதை, கடைசில 1.3 வந்துச்சு, அத விடுங்க.

இங்க ஒரு வார்த்தை. இந்த டப்பா ரேடியோவோட பவர தாங்கவே தாங்காது. கேபிள்ல அது மாட்டிருக்குறப்ப மறந்து மைக் பட்டன அமுக்கிட்டா அதோட கதை முடிஞ்சுது. பக்கத்து ஆன்டெனால வாட் கணக்குல அனுப்புறப்பவும் இத மாட்டி வைக்கக்கூடாது. நான் மைக் மேலயே ஒரு துண்டுத் தாள் ஒட்டி வச்சிருக்கேன், "டப்பா எங்க?"னு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஏதோ வேண்டுதல்னு நெனைக்கிறாங்க.

ஆன்டெனா ரெடி ஆயிருச்சுல்ல, மைக்க எடுத்து சிக்யூ, அதான் யாராச்சும் பேச வர்றீங்களானு, கூப்பிட வேண்டியதுதானே? அங்கதான் எனக்கு வியாதி முத்துச்சு. கைல டப்பா இருக்கு, அளக்குறதுக்கு ஆன்டெனா தீந்துபோச்சு, வேற என்ன இருக்கோ அத அளந்தேன். அலுமினிய ஏணி, ஜன்னல் திரைக்கம்பி, மழைத்தண்ணி எறங்குற தகரக் குழாய், விரிச்ச குடை. குடை ஒண்ணும் சுமாரில்ல, பழைய ரெண்டு மீட்டர் ஆன்டெனாவ விட மேல். அண்ணன் நடுவுல ரெண்டு தடவ போன் பண்ணி "எப்ப ஏர்ல வர்ற?"னு கேட்டாரு. கேலிபரேஷன் போயிட்டு இருக்குண்ணே.

அப்படியே வந்து நின்ன எடம்தான் துணி காயப்போடுற கொடி. நடுத்தூண்ல இருந்து ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, பக்கத்துக்கு அஞ்சு மீட்டர் கிட்ட, ரெண்டு முனைலயும் நைலான் கயிறு. கண்ணுக்கு முன்னாடி டைபோல் தொங்குது, இத்தன வருஷமா அதுல சட்டை காயுது! நடுவுல உறைய லேசா சீவி, டப்பாவ மாட்டுனேன். 14.2ல அழகா ஒரு பள்ளம், 1.3. அறுவது மடங்கு கஷ்டப்பட்டு மரம் ஏறி எறங்கி வாங்குன அதே 1.3. ஒரு நீள வயர இழுத்து நிழல்ல உக்காந்துட்டேன், வெயில்ல அந்த ஸ்கிரீன் ஒண்ணும் தெரியாது.

பாத்துட்டு இருக்கேன், பள்ளம் மெல்ல இடது பக்கம் நகருது. 14.1. 14.0. அடடா ஏதோ லூஸ் கனெக்‌ஷன்னு எழுந்து பாத்தா, வீட்டம்மா ஈரத்துணிய ஒண்ணொண்ணா கொடில போட்டுட்டு இருக்காங்க. ஈரம் ஒட்டுனா கம்பி நீளமான மாதிரிதான், ரெசனன்ஸ், அதான் அந்தப் பள்ளம், கீழ எறங்கும், மழைல ஆன்டெனா கொஞ்சம் எறங்குறதும் இந்தக் கூத்துதான். ஆனா லைவா, ஒரு துண்டுக்கு இவ்வளவு, ஒரு சட்டைக்கு இவ்வளவுனு கோடு நகர்றத எவன் பாத்திருப்பான்? திரும்பி நின்னுக்கிட்டு ஸ்கிரீன மட்டும் பாத்து, "இப்ப பெட்ஷீட் போட்டியா?"னேன். ஆமான்னாங்க. "இப்ப கர்ச்சீப்?" ஒரு பதிலும் இல்ல. திரும்பிப் பாத்தா முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, கைல கர்ச்சீப்.

அதுல அனுப்பிடாதீங்க யாரும், கொடி கை தொடுற ஒசரத்துல இருக்கு, பவர் விட்டா தொட்டவங்க கை சுடும். நான் அளக்குறதோட நிறுத்திக்கிட்டேன், அதுக்கே வீட்ல என்ன நடந்துச்சுங்கறது இங்க வேணாம்.

ஆனா ஒரு வாரம் கழிச்சு, வானம் மூடிக்கிட்டு வந்துச்சு. நான் ரூம்ல, ஒரு வழியா மைக்க கைல எடுத்து, தாள பாத்து டப்பா ரேடியோவுல இல்லனு உறுதி பண்ணிக்கிட்டு, 7.1ல சிக்யூ கூப்பிட வாயத் தொறக்குறேன். அடுப்படில இருந்து சத்தம்.

"ஏங்க, அந்த டப்பாவப் பாத்து சொல்லுங்க, துணி காஞ்சிருச்சா?"

மைக்க கீழ வச்சுட்டுப் போய் பாத்தேன்.

"இன்னும் 40 கிலோஹெர்ட்ஸ் பாக்கி இருக்கு!"

"சரி, அப்ப அரை மணி நேரம் கழிச்சு எடுத்துக்குறேன்."