உயரப் பலகையும் வெளிவரிசைக் குதிரையும்

சிறு குழந்தையோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்பவர்கள் வாயில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் வரிசைகள் நீண்டுவிடுகின்றன. என் மகள் முதலில் ஓடியது உயரம் அளக்கும் பலகையிடம்தான். குதிகாலை மெல்ல உயர்த்தி, மூச்சை அடக்கி நின்றும், கோட்டிற்கு இரண்டு விரற்கடை குறைந்தாள். அந்த உயரம் இல்லாதவர்களை வேக ராட்டினத்தில் ஏற்றுவதில்லை என்பதால் உதடு பிதுங்கியது. இடுப்பை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஓரளவு வளர்ந்த உடலுக்கென்றே அமைக்கப்பட்டிருப்பதால், சிறிய உடல் திருப்பங்களில் அதிலிருந்து நழுவக்கூடும் என்பதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். அந்த விதியைத் தளர்த்தும்படி ஊழியரிடம் மன்றாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிறகு குடை ராட்டினத்தில் வெளிவரிசைக் குதிரையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே சுற்றில் அதிகத் தொலைவைக் கடப்பதால், உள்வரிசையைவிட அதுவே வேகமாகச் செல்லும் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. மதியம் நிழலில் சற்று உறங்கவைத்தேன். அதன்பின் மாலைவரை அவள் சிணுங்கவேயில்லை.